படத்தை வைத்து எதுவரை பெயர் சொல்லலாம்? மழைக்கால நடையில் எடுத்த நான்கு படங்களுக்கான பதில்

நீங்கள் கேட்டது இதுதான். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் ஏற்காட்டு மலையடிவாரத்தில் நடந்தபோது நான்கு படங்கள் எடுத்திருக்கிறீர்கள். வலையில் வெள்ளையாகப் பெருக்கல் குறி போட்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் சிலந்தி ஒன்று. மாமரத்து இலையில் ஓடிய, "எறும்பு மாதிரி இருக்கிறது, ஆனால் எறும்பு இல்லையோ" என்று நீங்கள் சந்தேகப்படும் ஒன்று. செம்மண்ணில் ஊர்ந்த சிவப்பு வெல்வெட் பூச்சி. புல்தரையில் முளைத்த, உள்ளங்கையைவிடப் பெரிய வெள்ளைக் காளான். கைபேசியில் உள்ள செயலி ஒரே உயிருக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் காட்டுகிறது, எதை நம்புவது என்று தெரியவில்லை, நான்குக்கும் சரியான பெயர் வேண்டும், காளானைச் சமைக்கலாமா என்றும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கான பதில் காத்திருக்கக் கூடாது: அந்தக் காளானைச் சாப்பிட வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். மற்ற மூன்றிலும், "பெயர் என்ன" என்பதைவிட "ஒரு படத்தை வைத்துக்கொண்டு எதுவரை பெயர் சொல்லலாம்" என்பதுதான் உங்களுக்கு உண்மையில் பயன்படும் கேள்வி. நான் விலங்கியல் படித்தவன், சிலந்திகள் என் பாடம். பல ஆண்டுகளாக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடந்து வருகிறேன். பூச்சிகளில் குடும்பம் வரை தடுமாறாமல் சொல்வேன். காளானில் பேரினம் (ஒரு குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் தொகுதி) வரை சொல்வேன், ஆனால் கையில் வாங்கிப் பார்த்தால் மட்டுமே. கீழே சொல்வதை இந்த எல்லையோடு சேர்த்தே படியுங்கள்.

எதைக் கண்டாலும் முதலில் காலை எண்ணுங்கள். ஆறு கால், தலை மார்பு வயிறு என்று மூன்று பகுதி உடல், தலையில் ஒரு ஜோடி மீசை இருந்தால் அது பூச்சி. எட்டுக் கால் இருந்து மீசை இல்லாவிட்டால் சிலந்தி, தேள், உண்ணி இருக்கும் கூட்டம். இது எல்லோருக்கும் பள்ளியில் சொல்லிக் கொடுத்தது. சொல்லிக் கொடுக்காதது, எண்ணிக்கை எங்கே ஏமாற்றும் என்பது. வெந்தய வரியன் போன்ற பட்டாம்பூச்சிகளின் குடும்பத்தில் முன்னங்கால் இரண்டும் சுருங்கி மார்போடு ஒட்டிக் கிடக்கும். படத்தில் நான்கு கால்தான் தெரியும். கம்பளிப்பூச்சிக்கும் மற்றப் புழுக்களுக்கும் மார்பில் மூன்று ஜோடி உண்மையான கால்கள். வயிற்றுப் பகுதியில் இருப்பவை சதைப்பற்றான போலிக் கால்கள். அந்தப் போலிக் கால்கள் ஐந்து ஜோடிக்கு மேல் இருந்தால் அது பட்டாம்பூச்சி அல்லது அந்துப்பூச்சியின் புழுவே இல்லை, குளவிகளுக்கு உறவான ரம்ப ஈயின் புழு. பூவின் மேல் மஞ்சளும் கறுப்புமாக நிற்பது தேனீயா, தேனீ வேடம் போட்ட மிதவை ஈயா என்று பார்க்கச் சிறகை எண்ண வேண்டும். தேனீக்கு இரண்டு ஜோடி, ஈக்கு ஒரே ஜோடி. படத்தில் சிறகு மடங்கிக் கிடந்தால் மீசையைப் பாருங்கள். மிதவை ஈயின் மீசை குட்டையாக, இருக்கிறதா இல்லையா என்ற அளவில்தான் தெரியும். தேனீயின் மீசை நீளமாக, நடுவில் மடிந்து நிற்கும்.

உங்கள் மூன்றாவது படத்தில் கால் தெளிவாக எட்டு. ஆகவே செயலி முதலில் சொன்ன "வண்டு" தவறு, இரண்டாவதாகச் சொன்ன உண்ணி வகைதான் சரி. சிவப்பு வெல்வெட் பூச்சி என்று நாம் சொன்னாலும் அது பூச்சி இல்லை. டிராம்பிடியிடே என்ற உண்ணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவரை நிச்சயம். கன மழைக்குப் பின் மண்ணுக்குள்ளிருந்து கூட்டமாக மேலே வந்து சில மணி நேரம் திரிந்துவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். சங்கப் பாடல்களிலேயே மூதாய் என்ற பெயரில் இது கார்காலத்துச் செம்மண் வழியில் ஊர்வது வருகிறது, அவ்வளவு காலமாக நம் கண்ணில் படும் உயிர். இதற்கும் ஓர் எண்ணிக்கைச் சிக்கல் உண்டு. வளர்ந்தவற்றுக்கு எட்டுக் கால், முட்டையிலிருந்து வெளிவரும் இளம் பருவத்துக்கு ஆறு கால்தான். அந்தப் பருவத்தில் அது வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சி வாழும். தட்டானின் மார்பிலோ வயிற்றிலோ சிவப்பு மணி மணியாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் இதே போன்ற இளம் பருவங்கள்தான், ஆனால் நீர் உண்ணி வகை.

இனப் பெயருக்கு வருகிறேன். இந்தியாவில் எடுக்கப்படும் பெரிய சிவப்பு வெல்வெட் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு டிராம்பிடியம் கிராண்டிசிமம் என்ற பெயரையே ஒட்டிவிடுகிறார்கள். உங்கள் செயலியும் அதைத்தான் நீட்டியது. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் உண்ணிகளில் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பது உடலில் உள்ள முடிகளின் வடிவமும் அமைப்பும். அதற்கு நுண்ணோக்கி வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் சிவப்பு நிறமும் வெல்வெட் மினுமினுப்பும்தான் கிடைக்கும், இரண்டும் அந்தக் குடும்பம் முழுவதற்கும் பொது. ஆகவே குறிப்பேட்டில் "டிராம்பிடியிடே, செம்மண், மழைக்கு மறுநாள் காலை" என்று எழுதி நிறுத்துங்கள். அது அரைகுறைப் பதிவு இல்லை, சான்று எதுவரை போகிறதோ அதுவரை போன முழுப் பதிவு. ஒன்றையும் பிடித்துப் புட்டியில் போட வேண்டாம். மருந்து எண்ணெய்க்காக ஏற்கெனவே நிறைய அள்ளப்படுகிற உயிர் இது.

இரண்டாவது படம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிதாக்கிப் பார்த்தால் முன்பக்கம் இரண்டு உருண்டைக் கண்கள் நேராகப் பார்க்கின்றன. எறும்புக்கு அப்படி ஒரு கண் கிடையாது, அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கும். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பது மீசை இல்லை, முதல் ஜோடிக் கால். எறும்பின் மீசை முழங்கை போல் நடுவில் ஓர் இடத்தில் மடியும், இங்கே பல கணுக்கள் தெரிகின்றன. இரண்டையும் சேர்த்து எண்ணினால் எட்டுக் கால் வந்துவிடுகிறது. இது எறும்பு வேடம் போட்ட குதிக்கும் சிலந்தி. மாமரம், செம்பழுப்பு நிறம், நீண்டு ஒடுங்கிய இடுப்பு, பக்கத்து இலைகளை ஒட்டிக் கட்டிய முசுறு எறும்புக் கூடு இவற்றையெல்லாம் பார்க்கும்போது மிர்மாப்ளாட்டா பிளாட்டலியோய்டெஸ் என்ற இனமாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். பழைய குறிப்புகளில் இதை மிர்மராக்னே என்ற பேரினத்தில் பார்ப்பீர்கள், இரண்டும் ஒரே சிலந்திதான்.

இதன் ஆணைக் கண்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். அதன் தாடை முன்னோக்கி மிக நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும், ஓர் எறும்பு இன்னோர் எறும்பை வாயில் கவ்விக்கொண்டு போவதாகவே தோன்றும். உங்கள் படத்தில் அந்தத் தாடை இல்லை. எனவே பெண், அல்லது இன்னும் வளராதது. அடுத்த முறை நேரில் கண்டால் ஒரு புல் நுனியால் இலையை மெதுவாகத் தொடுங்கள். எறும்பு வாய் திறந்து சண்டைக்கு வரும் அல்லது ஓடும். சிலந்தி சட்டென்று குதிக்கும், அல்லது ஒரு நூலை விட்டுக் கீழே தொங்கும். நூல் தெரிந்தால் அதற்குப் பின் சந்தேகமே வேண்டாம். ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். முசுறு எறும்பைப் போல் நடிக்கும் சிலந்தி இது ஒன்றுதான் என்றில்லை. அமிசியா ஃபார்டிசெப்ஸ் என்ற நண்டுச் சிலந்தியும் அதே மரத்தில் இருக்கும். அதன் வயிற்றின் பின்முனையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் எறும்பின் கண்களாகத் தெரியும், அதாவது தலைகீழ் வேடம். குதிக்கும் சிலந்தி அந்த வேடத்தால் தன்னைத் தின்ன வருபவர்களிடமிருந்து தப்புகிறது. நண்டுச் சிலந்தியோ முசுறு எறும்பையே பிடித்துத் தின்கிறது. கண்ணைத் தெளிவாகக் காட்டும் ஒரு படம் இருந்தால் இரண்டையும் உடனே பிரிக்கலாம். முன்னால் இரண்டு பெரிய கண்கள் இருந்தால் குதிக்கும் சிலந்தி.

முதல் படத்துச் சிலந்தி ஆர்ஜியோப்பே பேரினம். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. முன் உடலில் வெள்ளி மினுக்கும் முடி, வயிற்றில் மஞ்சளும் கரும்பழுப்புமாகக் குறுக்குப் பட்டைகள், எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு கையாக நீட்டி, தலை கீழ்நோக்கி உட்கார்ந்த நிலை. போதும். அந்த உடல் அளவுக்கு அது பெண்தான். ஆண் மிகச் சிறியது, வலையின் ஓரத்தில் கவனிக்கப்படாமல் இருக்கும். கடித்துவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கடிக்காது, கடித்தாலும் பெரும்பாலானவர்களுக்குச் சிறு வலியோடு போய்விடும்.

ஆனால் எந்த ஆர்ஜியோப்பே? செயலி ஒருமுறை ஆர்ஜியோப்பே அனசுஜா என்றது, இன்னொரு முறை ஆர்ஜியோப்பே புல்கெல்லா என்றது. இரண்டும் நம் பகுதியில் உள்ளவை, இரண்டையும் விவரித்துப் பெயரிட்டவர் ஒருவரே. தோரெல் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் 1881 இல் புல்கெல்லாவையும் 1887 இல் அனசுஜாவையும் பதிவு செய்தார். முதுகிலிருந்து பார்த்தால் இரண்டும் மிக நெருக்கம். பட்டையின் அகலமும் நிறமும் வயதைப் பொறுத்தும் மாறும். சிலந்தி இனத்தை உறுதி செய்வது பெண்ணின் வயிற்றடியில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு, ஆணுக்கென்றால் வாயருகே குத்துச்சண்டைக் கையுறை மாதிரி வீங்கியிருக்கும் சிறு உறுப்பின் அமைப்பு. முழு வளர்ச்சி அடையாத சிலந்தியில் இவை உருவாகியே இருக்காது. அதனால்தான் குட்டிச் சிலந்தியின் படத்தைக் காட்டினால் அனுபவசாலிகள் பெரும்பாலும் பேரினத்தோடு நின்றுவிடுவார்கள். அது தெரியாமை இல்லை. உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட சிலந்தி இனங்கள் 2022 லேயே 50,000 ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் பெரும் பகுதியை முதுகு நிறத்தை வைத்துப் பிரிக்க வழியே இல்லை.

அப்புறம் அந்தப் பெருக்கல் குறி. அதை வைத்து இனம் சொல்லலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். முடியாது. அதே சிலந்தி இன்று நான்கு கையும் போடும், நாளை ஒரு கை மட்டும் போடும், மறுநாள் ஒன்றுமே போடாமல் இருக்கும். இளம் வயதில் பல ஆர்ஜியோப்பேக்கள் குறிக்குப் பதிலாக வட்டத் தட்டு போல நெய்யும். அது எதற்கு என்பதிலும் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. புறஊதா ஒளியைத் திருப்பிக் காட்டிப் பூச்சிகளை இழுக்கிறது என்கிறார்கள் ஒரு சாரார். பறவைகள் வலையில் மோதிவிடாமல் எச்சரிக்கிறது என்பது இன்னொரு விளக்கம். சிலந்தியின் உருவத்தை மறைக்கிறது என்பதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆதரவான சோதனையும் இருக்கிறது, எதிரான சோதனையும் இருக்கிறது. எனவே யாராவது ஒரே காரணத்தை அடித்துச் சொன்னால் கொஞ்சம் பொறுத்தே கேளுங்கள்.

செயலிகளைப் பற்றி. ஐநேச்சுரலிஸ்ட் போன்றவற்றை நான் தினமும் பயன்படுத்துகிறேன், மாணவர்களையும் பயன்படுத்தச் சொல்கிறேன். ஆனால் அது எப்படிப் பெயர் சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது காலையோ கண்ணையோ எண்ணுவதில்லை. ஏற்கெனவே பெயரிடப்பட்ட ஏராளமான படங்களோடு உங்கள் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறது. ஆகவே அதிகம் படமெடுக்கப்பட்ட இனத்தின் பக்கம் சாயும். நம் ஊரில் அதிகம் பதிவாகாத ஒன்றைக் காட்டினால், அதைப் போலத் தெரிகிற, வேறு நாட்டில் நிறையப் பதிவான ஒன்றின் பெயரைத் தரும். படம் எடுத்த இடத்தையும் தேதியையும் கட்டாயம் கொடுங்கள், பாதித் தவறு அதிலேயே குறைந்துவிடும். செயலி "இந்தப் பேரினம் என்பது உறுதி" என்று மேலே ஒரு வரியும் கீழே இனங்களின் பட்டியலும் காட்டினால், மேலே உள்ள வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் முதலில் இருப்பதைத் தொட்டுவிடும் பழக்கம்தான் பல தவறான பதிவுகளுக்குக் காரணம். பிறகு வேறு மனிதர்கள் பார்த்து ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனப் பெயரில் உடன்பட்டால் ஆய்வுத் தரம் என்று குறிக்கப்படும். அதுவும் பயனுள்ளதுதான். என்றாலும் இருவர் ஒரே தவறைச் சேர்ந்து செய்யவும் முடியும் என்பதால், உடன்படுகிறவர் ஏன் உடன்படுகிறார் என்று எழுதியிருந்தால் அந்தக் குறிப்பைத்தான் நான் முதலில் படிப்பேன்.

எந்த அடையாளம் முடிவு செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்தால் படம் எடுக்கும் விதமே மாறிவிடும். பட்டாம்பூச்சியில் இதற்கு நல்ல உதாரணம் உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலேயே இருக்கிறது. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, ரோஜா அழகியைப் போலவும் சிவப்புடல் அழகியைப் போலவும் சிறகு கொண்டவை. ரோஜா அழகி, சிவப்புடல் அழகி இரண்டும் புழுப் பருவத்தில் ஆடுதீண்டாப்பாளைக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்து வைப்பதால் பறவைகள் தொடுவதில்லை. அந்தப் பாதுகாப்பைக் கறிவேப்பிலை அழகி வேடத்தால் பெறுகிறது. சிறகை எவ்வளவு அழகாகப் படமெடுத்தாலும் குழப்பம் தீராது. உடலைப் பாருங்கள். நச்சுள்ள இரண்டுக்கும் உடல் சிவப்பு, வேடம் போடுவதற்கு உடல் கறுப்பு. பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு படம் போதும்.

சிலந்திக்கு மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, முடிந்தால் வலையின் மறுபக்கம் போய் வயிற்றடியை ஒன்று எடுங்கள். ஆர்ஜியோப்பே வலையின் நடுவிலேயே இருப்பதால் மறுபக்கம் போவது எளிது, வலையைக் கிழிக்காமல் சுற்றி வந்தால் சரி. வண்டுக்கு மீசையும் கால் நுனியும் தெரிய வேண்டும். புழுவென்றால் அது எந்தச் செடியைத் தின்கிறது என்பதே பாதிப் பெயர், ஆகவே இலையையும் பூவையும் சேர்த்து எடுங்கள். அளவுக்குப் பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். தொடுவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்டுப் பூக்களில் மொய்க்கும் கொப்புள வண்டு, மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒல்லியான ஆரஞ்சும் கறுப்புமான பெடரஸ் வண்டு இரண்டையும் தோலில் வைத்து நசுக்கிவிட்டால் கொப்புளம் கிளம்பும். ஊதித் தள்ளிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இனிக் காளான். நீங்கள் அனுப்பியது மேலிருந்து எடுத்த ஒரே படம். வெள்ளைக் குடை, நடுவில் பழுப்புச் செதில்கள், ஓரம் நோக்கிச் செதில் குறைகிறது, புல்தரை, மழைக்குப் பின். பார்த்தவுடன் என் மனதில் வரும் பெயர் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டெஸ். நச்சுள்ளது. வெப்ப நாடுகளில் காளான் நஞ்சுக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று. உண்ணத் தகுந்த காளான் என்று நினைத்து இதைப் பறிக்கிறவர்கள் நிறைய. ஆனால் படம் காட்டாதவை: குடையின் அடியில் மடிப்புகள் என்ன நிறம், தண்டில் வளையம் இருக்கிறதா, தண்டின் அடி மண்ணுக்குள் எப்படி முடிகிறது. இந்த மூன்றும் இல்லாமல் வெள்ளைக் காளானுக்குப் பெயர் வைப்பதே ஆபத்து. ஆகவே என் பதில் "பெரும்பாலும் குளோரோஃபில்லம்" என்பதோடு நிற்கிறது.

உறுதி செய்ய வழி இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம். தொடுவதால் நஞ்சு ஏறாது, கையை மட்டும் பிறகு கழுவிவிடுங்கள். காளானைப் பிய்த்து எடுக்காமல் ஒரு கத்தியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி அடியோடு தூக்குங்கள். தண்டை வெட்டிவிட்டு, குடையை மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின் மேல் வைத்து ஒரு டம்ளரால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் வித்துத்தூள் தாளில் படிந்து ஓர் அச்சு விழுந்திருக்கும். அச்சு மங்கலான பச்சை நிறத்தில் இருந்தால் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டெஸ் என்று சொல்லிவிடலாம், குடைக் காளான்களில் பச்சை வித்து அவ்வளவு அரிது. மடிப்பை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். குடை விரிந்த புதிதில் அதன் மடிப்பு வெள்ளையாகத்தான் இருக்கும், வித்து முற்றிய பிறகே பச்சையாக மாறும். அச்சு வெள்ளையாக விழுந்து, தண்டின் அடியில் கிழிந்த பை போன்ற உறையும் இருந்தால் அது அமனிட்டா பேரினம். அதில்தான் உயிரை எடுக்கும் காளான்கள் இருக்கின்றன. அந்த உறை மண்ணுக்குள் இருப்பதால், மேலாகக் கிள்ளிப் பறிப்பவர் கண்ணில் அது படவே படாது.

ஊரில் எல்லோரும் தேடிப் போகும் புற்றுக்காளான் டெர்மிட்டோமைசெஸ் பேரினம். அதைக் கறையான்களே புற்றுக்குள் வளர்க்கின்றன. குடையின் நடுவில் கூரான முகடு இருக்கும். தண்டைத் தோண்டிக்கொண்டே போனால் வேர் போல நீண்டு கீழே கறையான் கூட்டை எட்டும். வித்து அச்சு இளஞ்சிவப்பு. உங்கள் படத்தில் நடுவில் அந்த முகடு இல்லை. புற்றுக்காளானைத் தலைமுறையாகப் பறிப்பவர்களின் அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்களுக்கு அந்தப் புற்றும் அந்த மழையும் அந்த மண்ணும் தெரியும். ஆனால் அந்த அறிவு அந்த இடத்துக்கானது. இடம் மாறும்போது அதே கண் ஏமாறுகிறது. ஜெர்மனிக்கு 2015 இல் வந்து சேர்ந்த அகதிகள் பலர், தங்கள் நாட்டில் பறித்துத் தின்ற காளானைப் போலவே தெரிந்த அமனிட்டா ஃபலாய்டெஸைச் சாப்பிட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நம் நாட்டிலேயே 2008 இல் மேல் அசாமில் காட்டுக்காளான் சமைத்துச் சாப்பிட்டுப் பலர் இறந்தார்கள்.

வெள்ளிக் காசைப் போட்டால் கறுக்கும், அரிசியோடு வேகவைத்தால் நிறம் மாறும், புழு கடித்திருந்தால் நல்லது, மாடு தின்றால் நல்லது, நன்றாகக் கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்றெல்லாம் சொல்வார்கள். ஒன்றும் உண்மையில்லை. அமனிட்டாவின் நஞ்சு கொதித்தாலும் அழியாது, காய வைத்தாலும் அழியாது, சுவையிலும் தெரியாது. குளோரோஃபில்லம் என்றால் சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையாக வரும். துன்பம் அதிகம், குழந்தைகளுக்கு நீரிழப்பால் ஆபத்தும் உண்டு, ஆனால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். அமனிட்டா வேறு மாதிரி. 6 மணி நேரத்துக்கு மேல், சில சமயம் ஒரு நாள் வரை ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி பேதி. அதன் பின் தேறிவிட்டது போல ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியில் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே தாமதமாக வரும் வாந்திதான் அதிகம் பயப்பட வேண்டியது. யாராவது சாப்பிட்டுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108 ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். மீதிக் காளானையோ சமைத்ததையோ காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் பார்த்து எந்தக் காளானையும் "சாப்பிடலாம்" என்று நான் சொல்வதில்லை. அப்படிச் சொல்லும் ஆளையும் செயலியையும் நம்ப வேண்டாம்.

சாப்பாட்டுக் கேள்வியை விட்டுவிட்டால் காளான்களைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி. செத்த மரக்கிளையில் நகம் அளவு வெள்ளை விசிறியாக ஒட்டியிருப்பது ஸ்கைசோஃபில்லம் கம்யூன். அடியில் மடிப்புகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும், கை லென்ஸில் பார்த்தால் படம் இல்லாமலே பெயர் சொல்லிவிடலாம். தென்னையின் அடியில் பழுப்பு அடுக்காக முளைப்பது கனோடெர்மா. அதைக் கண்டால் தோட்டக்காரரிடம் சொல்லுங்கள். 1952 இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பதிவானதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்று அழைக்கப்படும் அடித்தண்டு அழுகல் இதனால் வருவது. அடுக்கு வெளியே தெரியும்போது உள்ளே நோய் முற்றியிருக்கும். உலகில் விவரிக்கப்பட்ட பூஞ்சைகள் ஏறத்தாழ 1.5 லட்சம்தான், மொத்தம் 22 முதல் 38 லட்சம் இருக்கலாம் என்று 2017 இல் மதிப்பிட்டார்கள். எனவே சிறு பழுப்புக் காளான் ஒவ்வொன்றுக்கும் பெயர் எதிர்பார்க்காதீர்கள், பல இனங்களுக்கு இன்னும் பெயரே வைக்கப்படவில்லை.

பதிவேற்றும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். மரப்பொந்தில் பெரிய, கால் முழுக்க முடி அடர்ந்த, சாம்பல் வெள்ளைக் கோலம் போட்ட சிலந்தி கிடைத்தால் அது பொயெசிலோதீரியா பேரினமாக இருக்கலாம். ராமேசுவரத்தில் கண்டறிந்து 2004 இல் பெயரிடப்பட்ட இனம் உட்பட இவற்றில் சில அழிவின் விளிம்பில் இருக்கின்றன. வளர்ப்புப் பிராணிச் சந்தைக்காகத் திருடப்படுவதால் 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டில் உள்ளது. அந்த மாதிரிப் படத்துக்கு இடத்தை மறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள், ஊர்ப் பெயரைக் குறிப்பிலும் எழுத வேண்டாம்.

உங்கள் பதிவில் மாற்ற வேண்டியவை: முதல் படம் ஆர்ஜியோப்பே, பெண். இரண்டாவது மிர்மாப்ளாட்டா, பிளாட்டலியோய்டெஸ் என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மூன்றாவது டிராம்பிடியிடே. நான்காவதுக்கு இப்போதைக்குக் காளான் என்று மட்டும். அந்தப் புல்தரைக்கு மறுபடி போக முடிந்தால் குடையின் அடிப்பக்கம், தண்டின் வளையம், தோண்டி எடுத்த அடி இவற்றின் படங்களையும், காலையில் விழுந்த வித்து அச்சையும் சேர்த்து அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் வெளிர் பச்சை சரியாகத் தெரியாமல் போகும். சிலந்தி அங்கேயே இருந்தால் வலையின் மறுபக்கத்திலிருந்து ஒரு படம். அனசுஜாவா புல்கெல்லாவா என்பதை அதை வைத்து முயன்று பார்க்கிறேன்.